ஞாயிறு: தடா பக்கம் படகில் ஜியோகேஷிங்

நண்பர்களே, ஞாயிறு காலை பழவேற்காடு ஏரியில், தடா கரையிலிருந்து கிளம்புகிறோம். ஜியோகேஷிங் என்றால் ஜிபிஎஸ் காட்டும் இடத்தில் ஒளித்து வைத்த டப்பாவைத் தேடும் விளையாட்டு. ஆனால் இந்த ஏரி பறவைகள் சரணாலயம். அதனால் டப்பா எதையும் ஒளித்து வைக்கப்போவதில்லை, மண்ணைத் தோண்டவும் கூடாது. நமக்கு எர்த்கேஷ் முறைதான்: குறித்த இடத்துக்குப் போய் சேறு, உப்புப் படிவு, நீர் போகும் திசை பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். எனக்கு டப்பா தேடுவதைவிட இதுதான் பிடிக்கும்.

கவனம் ஓதத்தில், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதில், இருக்கட்டும். ஏரி கடலோடு சேரும் முக்கிய முகத்துவாரம் தெற்கே இருப்பதால் கடலில் நீர் ஏறி வெகுநேரம் கழித்தே நம் பக்கம் ஏறும். கடற்கரைக்கான ஓத அட்டவணையை அப்படியே நம்பாதீர்கள், படகுக்கார அண்ணன் சொல்லும் நேரம்தான் நேரம். ஏரி பல இடங்களில் இடுப்பளவுகூட இல்லை. நீர் வற்றினால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும், அப்புறம் இறங்கித் தள்ளவும் முடியாது, கால் புதையும்.

ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும். அதற்காக உப்புச் சேற்றில் வளரும் உமரிச் செடிகளை மிதித்துக்கொண்டு தேட வேண்டாம். மீனவர்கள் ஊன்றிய வலைக் குச்சிகளில் மோதாமல் சுற்றியே போகலாம். பூநாரைக் கூட்டம் தெரிந்தால் என்ஜினை நிறுத்திவிட்டுக் கோல் ஊன்றி விலகிவிடுவோம், ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

லைஃப் ஜாக்கெட் கட்டாயம். வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கே பெயர் போடுங்கள்.