பெருங்காயத்தில் கலந்திருக்கும் கோதுமை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சில வாரங்களுக்கு முன் வெளியான உணவுக் குறிப்பு ஒன்றில், கோதுமையை ஒரு மாதம் நிறுத்திப் பார்த்தால் வயிறு இலேசாகும், உடல் இளைக்கும், யார் வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம் என்று எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனால் நெடுநாளாக இரத்தசோகையும் வயிற்றுப்போக்குமாக அவதிப்படும் என் உறவுக்காரப் பெண் ஒருவர், அதைப் படித்துவிட்டு மருத்துவரிடம் போகாமலேயே சப்பாத்தியை நிறுத்திவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னபோது எனக்குத் திக்கென்றது. கோதுமையில் உள்ள புரதத்தால் குடல் கெடும் சீலியாக் நோய் இருக்கிறதா என்று அறியச் செய்யும் இரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோபியும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் காலத்திலேயே செய்யப்பட வேண்டியவை. முன்கூட்டியே நிறுத்திவிட்டால் இரத்தத்தில் நோயைக் காட்டும் எதிர்ப்பொருளின் அளவு இறங்கிவிடும், குடலும் ஓரளவு ஆறத் தொடங்கிவிடும், நோய் உள்ளவருக்கும் இல்லை என்றே முடிவு வரக்கூடும். இந்த ஒரு செய்தி அந்தக் குறிப்பில் விடுபட்டிருந்ததாலேயே இக்கடிதத்தை எழுதத் துணிந்தேன்.

என் மகளுக்கு இப்போது 15 வயது. அவளுக்குச் சீலியாக் நோய் என்பது 9 வயதில்தான் தெரிந்தது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளும் வயிறு உப்பி, கைகால் சூம்பி, வகுப்பில் எல்லோரையும்விடக் குட்டையாக, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற பிள்ளையாக இருந்தாள். பூச்சி மாத்திரை கொடுத்தோம், இரும்புச்சத்து டானிக் கொடுத்தோம், ஆத்தூர்ப் பக்கத்து ஊரிலிருந்து வந்த அவளுடைய அப்பாயி கண்ணேறு கழித்து மந்திரித்த கயிறு கட்டினார். ஹீமோகுளோபின் 7-ஐத் தாண்டவில்லை. பிள்ளைக்குத் தெம்பு வரட்டும் என்று நான் காலையில் சம்பா கோதுமைக் கஞ்சியும், மாலையில் பாலில் மால்ட் பொடியும், இரவில் இரண்டு சப்பாத்தியும் விடாமல் கொடுத்துவந்தேன். அவள் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிய நாட்களில் அதட்டி ஊட்டியிருக்கிறேன். அந்த நினைவு இன்றும் என்னை உறங்கவிடுவதில்லை.

கடைசியில் இளம் மருத்துவர் ஒருவர் அவளுடைய உயரத்தையும் எடையையும் ஆண்டுவாரியாக வரைந்து பார்த்துவிட்டு, அந்த எதிர்ப்பொருளை அளக்கும் டி.டி.ஜி. என்னும் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். எண்டோஸ்கோபி மூலம் சிறுகுடலின் தொடக்கப் பகுதியிலிருந்து எடுத்த திசுத் துணுக்குகள் நோயை உறுதி செய்தன. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் உள்ளே போகும்போதெல்லாம் இந்நோய் உள்ளவரின் நோய் எதிர்ப்பாற்றல் அவருடைய குடலையே தாக்குகிறது. விரல்விரலாக நீட்டிக்கொண்டிருந்து சத்தை உறிஞ்ச வேண்டிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. எவ்வளவு டானிக் கொடுத்தாலும் உடலில் சேராமல் போவது அதனால்தான். இதற்கு மருந்து மாத்திரை இல்லை. வாழ்நாள் முழுவதும் குளூட்டனை அறவே விலக்குவது ஒன்றே சிகிச்சை. இதைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர் வில்லெம் டிக்கே என்னும் நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். கோதுமைமீது ஏற்கெனவே ஐயம் கொண்டிருந்த அவர், 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காத நிலையிலும் இந்தப் பிள்ளைகள் தேறியதையும், போர் முடிந்து ரொட்டி வந்ததும் மீண்டும் நலிந்ததையும் கவனித்து, 1950-இல் தம் ஆய்வேட்டில் எழுதினார். ஊரே பட்டினி கிடந்த காலத்தில் ஒரு சில பிள்ளைகள் மட்டும் தேறினார்கள் என்பதைப் படித்தபோது, என் மகளை அதட்டி ஊட்டிய ஒவ்வொரு வாய்க் கஞ்சியும் என் கண்முன் வந்து நின்றது.

"இது வடநாட்டுக்காரர்களுக்கு வருகிற நோய், நமக்கு ஏது?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். இந்தியாவின் மூன்று பகுதிகளில் பெரியவர்களிடையே நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வடக்கே 1.23 விழுக்காட்டினருக்கும் தெற்கே, அதாவது நம் வேலூர்ப் பகுதியில், 0.10 விழுக்காட்டினருக்கும் இந்நோயின் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருப்பது தெரியவந்தது. அதே ஆய்வு, இந்நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு எல்லாப் பகுதிகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இருப்பதையும், வேறுபட்டது முக்கியமாக அன்றாடம் உண்ணும் கோதுமையின் அளவே என்பதையும் காட்டியது: வடக்கே நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம், தெற்கே 25 கிராம். இன்று சேலத்தில் தெருவுக்கு ஒரு பரோட்டாக் கடை இருக்கிறது, சர்க்கரை நோய்க்குப் பயந்து இரவுச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறாத வீடு அரிது, பிள்ளைகளின் சிற்றுண்டிப் பெட்டியில் பிஸ்கட்டும் பிரட்டும் நூடுல்சும்தான். அந்த 25 கிராம் இனியும் 25 கிராமாகவே இருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆயிரத்தில் ஒருவர் என்ற அந்தக் குறைந்த கணக்கே இங்கும் பொருந்தும் என்று கொண்டாலும், 2011 கணக்கெடுப்பில் சுமார் 35 லட்சம் பேர் இருந்த நம் மாவட்டத்தில் அந்த எதிர்ப்பொருள் உள்ளவர்கள் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இருக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளில் நோய் உள்ளவர்களாக நான் சந்தித்தவர்கள் நான்கே பேர். மற்றவர்களில் எத்தனை பேர் என் மகளைப் போல இரும்புச்சத்து டானிக் குடித்துக்கொண்டிருக்கிறார்களோ என்று அஞ்சுகிறேன்.

அரிசி உண்ணும் ஊரில் கோதுமையை விலக்குவது எளிது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். சப்பாத்தி, பூரி, ரவை, சேமியா, பிரட், பிஸ்கட் எல்லாவற்றையும் ஒரே நாளில் வீட்டை விட்டு அகற்றினோம். மகள் வளரத் தொடங்கினாள். முதல் ஆண்டிலேயே 8 சென்டிமீட்டர் உயர்ந்தாள். ஆனால் இரத்தப் பரிசோதனையில் அந்த எதிர்ப்பொருளின் அளவு பாதியாகக் குறைந்து அங்கேயே நின்றுவிட்டது. எங்கோ கோதுமை உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்றார் உணவியல் நிபுணர். சமையலறையில் உள்ள ஒவ்வொரு பொட்டலத்தையும் டப்பாவையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்துக்கொண்டே வந்தவர், பெருங்காய டப்பாவைக் கையில் எடுத்ததும் நிறுத்தினார். கடுகு போன்ற ஆங்கில எழுத்தில் கோதுமை மாவு என்று அச்சிட்டிருந்தது.

கடையில் கிடைக்கும் பெருங்காயத்தில் பெரும்பாலானவை கூட்டுப் பெருங்காயம். ஆப்கானிஸ்தான், ஈரான் போன்ற நாடுகளிலிருந்து வரும் பிசின் அப்படியே பயன்படுத்த முடியாத அளவுக்குக் காரமானது என்பதால், கோந்தும் மாவும் சேர்த்துப் பக்குவம் செய்கிறார்கள். சேர்க்கும் மாவு பல தயாரிப்புகளில் மைதா, சிலவற்றில் அரிசி மாவு. சாம்பார், ரசம், புளியோதரை, ஊறுகாய், அப்பளம், முறுக்கு என்று பெருங்காயம் படாத பண்டம் நம் வீடுகளில் எத்தனை? அவ்வளவு சிறிய சிட்டிகை என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் தொடர்ந்து போனாலே குடல் கெடுகிறது என்று ஆய்வு சொல்கிறது. ஒரு பிரட் துண்டின் ஓரத்தை விரல்நுனியால் பிய்த்தெடுத்தால் வரும் அளவு அது. இப்போது எங்கள் வீட்டு ரசத்தில் பூண்டும் சீரகமும் மட்டுமே. அரிசி மாவு கலந்த பெருங்காயம் கிடைத்தால் வாங்குவோம், கிடைக்காவிட்டால் அது இல்லாமலே தாளிப்போம். அடுத்த பரிசோதனையில் எதிர்ப்பொருளின் அளவு இயல்புக்கு வந்தது.

பொட்டலத்தில் அடைத்து விற்கும் எதிலும் குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி இருக்கிறது. ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிடுவதானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரையறையும் இருக்கிறது. ஆனால் மளிகைக் கடையில் கட்டியை உடைத்து எடை போட்டுக் காகிதத்தில் மடித்துத் தரும் பெருங்காயத்துக்கு எந்த எழுத்தும் இல்லை. லீ பஜாரில் மொத்தமாக வாங்கிச் சில்லறைக்கு விற்கும் வணிகப் பெருமக்களிடம் என் வேண்டுகோள் எளியது: மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, கேட்பவருக்குச் சொல்லுங்கள். தயாரிப்பாளர்கள் அதைத் தமிழிலும், கண்ணுக்குத் தெரியும் அளவிலும் அச்சிட்டால் என்னைப் போன்றவர்கள் கடையில் நின்று பூதக்கண்ணாடி பிடிக்க வேண்டியதில்லை.

அடுத்தது மாவு மில். கேழ்வரகையும் கம்பையும் கழுவிக் காயவைத்துப் புடைத்து மில்லுக்குக் கொண்டுபோனால், நமக்கு முன்னால் நிற்பவர் கோதுமை அரைத்துக்கொண்டிருப்பார். அவருடைய மாவின் கடைசிப் பிடி, கல்லிலும் மாவு விழும் துணிக்குழாயிலும் ஒட்டியிருந்து, நம் கேழ்வரகோடு சேர்ந்தே வீட்டுக்கு வரும். எங்கள் பகுதி மில்காரர் நல்ல மனிதர். நிலைமையைச் சொன்னதும், "காலையில கதவு திறந்ததும் வந்துடுங்கக்கா, மொதல்ல ரெண்டு கிலோ அரிசிய ஓட்டித் தள்ளிட்டு உங்களுதப் போடுறேன்" என்றார். அப்படியே இரண்டாண்டு செய்தோம். அதுவும் முழுப் பாதுகாப்பல்ல என்று மருத்துவர் சொன்னபிறகு கடன் வாங்கி வீட்டுக்குச் சிறிய அரைவை இயந்திரம் ஒன்று வாங்கினோம். எல்லோராலும் அது இயலாது. மிளகாயும் மல்லியும் அரைக்க மில்களில் தனி இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அரிசி மாவில் காரம் ஏறினால் வாடிக்கையாளர் சும்மா விடமாட்டார் என்பதால் அந்த ஒழுங்கு தானாக வந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட மாவு இயந்திரம் உள்ள மில்களில் ஒன்றை அரிசிக்கும் சிறுதானியத்துக்கும் மட்டும் ஒதுக்குவதில் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

வெளியே உண்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்ற ஆண்டு பள்ளியில் ஏற்காட்டுக்குச் சுற்றுலா போனார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போய் இறங்கியதும் பிள்ளைகள் எல்லோரும் மிளகாய் பஜ்ஜிக் கடையில் கூடிவிட்டார்கள். பஜ்ஜி கடலை மாவுதான், சாப்பிடலாம் என்று தோழிகள் அழைத்திருக்கிறார்கள். அதே எண்ணெயில் பிரட் பஜ்ஜி மிதப்பதைப் பார்த்துவிட்டு, வேகவைத்த நிலக்கடலையை மட்டும் வாங்கிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்ததாக வந்து சொன்னாள். பரோட்டா போட்ட கல்லில் தோசை வார்ப்பதும், சோயா சாஸில் கோதுமை இருப்பதும் உணவக ஊழியர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கேட்டால் சமையல்காரரிடம் போய்க் கேட்டுவந்து உள்ளதைச் சொல்லலாம். "டயட்டா மேடம், ஒரு நாள் சாப்பிட்டா ஒன்னும் ஆகாது" என்ற பதில்தான் பல இடங்களில் கிடைக்கிறது. உடல் இளைப்பதற்கான உணவாக இதைப் பரப்புவதன் கேடு இதுதான். ஒரு பிள்ளையின் சிகிச்சை, பார்ப்பவர் கண்ணுக்கு நாகரிகமாகத் தெரிகிறது.

இவ்வளவுக்கும் நம் மாவட்டத்தைப் போல இந்நோய்க்கு வாகான ஊர் குறைவு. அப்பாயியின் காட்டில் விளைவது மரவள்ளி. அதிலிருந்து வரும் ஜவ்வரிசியில் இயல்பாகவே குளூட்டன் கிடையாது. 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் என்னும் ஜவ்வரிசி உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமும், 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் நாம் பெருமையாகப் பேசுபவை. உற்பத்தியாளர்கள் தங்கள் சரக்கைப் பரிசோதனை செய்து, ‘குளூட்டன் இல்லாதது’ என்று உரிய முறையில் அச்சிட்டு விற்றால், ரவை உப்புமாவுக்கு மாற்றாக ஜவ்வரிசி உப்புமாவை நாடெங்கும் உள்ள சீலியாக் நோயாளிகள் அச்சமின்றி உண்பார்கள். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகையில் ஊற்றும் கூழும் அப்படித்தான். மில்லைப் பற்றிய பயத்தால் என் மகளுக்குப் பல ஆண்டுகள் அதை மறுத்துவந்தேன். சென்ற ஆடியில் எங்கள் தெருவில் கூழ் ஊற்றியவர்களிடம் சொல்லி, மொத்தக் கேழ்வரகையும் எங்கள் வீட்டு இயந்திரத்திலேயே அரைத்துக் கொடுத்தேன். தெருப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று வாங்கிக் குடித்தாள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் எத்தனையோ பிள்ளைகளின் பசியை ஆற்றுகிறது. அதன் பட்டியலில் ரவை, சேமியா, கோதுமை ரவை கொண்டு செய்யும் உப்புமாவும் கிச்சடியும் இருக்கின்றன. வெண்பொங்கலும் இருக்கிறது. மருத்துவச் சான்று கொண்டுவரும் பிள்ளைக்கு எல்லா நாளும் அரிசி உணவு கிடைக்க வழி செய்வதும், சேர்வராயன் மலைக் கிராமப் பள்ளியாயினும் நகரப் பள்ளியாயினும், சாப்பிட்டும் வளராமல் இரத்தசோகையோடு இருக்கும் பிள்ளைகளை டி.டி.ஜி. பரிசோதனைக்கு அனுப்புமாறு பள்ளி மருத்துவக் குழுக்களுக்கு அறிவுறுத்துவதும் இயலாத செயல்கள் அல்ல.

தங்களிடம் நான் கேட்பது இதுதான். அந்த உணவுக் குறிப்பு வெளியான அதே பக்கத்தில், கோதுமையை நிறுத்துமுன் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்ற இரண்டு வரிகளை அன்புகூர்ந்து வெளியிடுங்கள். என் உறவுக்காரப் பெண், மருத்துவர் சொன்னபடி மீண்டும் சப்பாத்தி சாப்பிடத் தொடங்கியிருக்கிறார். சில வாரங்கள் கழித்து அவருக்கு இரத்தம் எடுக்கப் போகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்மாப்பேட்டை, சேலம்.