டீக் ஹை, சாப்: பாதுகாப்புக் கொள்முதல் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு பாதுகாப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கும் கவுன்சில் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சிப்பாய்க்குப் புதுக் கருவிகள் வாங்க நீங்கள் கையெழுத்துப் போடும் முன் ஒரு வார்த்தை சொல்லத்தான் இந்த மடல்.

நான் காலாட்படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவன். ஊர் வேலூர் மாவட்டம். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பது அதிசயமில்லை. என் அக்கா மகனும் இப்போது வடக்கே பனிமலையில் இருக்கிறான். எந்த இடம் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன மே மாதம் லீவில் வந்திருந்தான். வேலூர் வெயிலில் ராத்திரியிலும் தரை கொதிக்கிறது. இவனோ பவர்பேங்கைப் பனியனுக்குள் செருகிக்கொண்டு தூங்குகிறான். அக்கா பதறிவிட்டாள். எல்லாம் பழக்கதோஷம். கடுங்குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் அங்கே உடம்புச் சூட்டிலேயே வைத்திருப்பார்கள். ரேடியோவுக்கு ஒரு பேட்டரி, இருட்டில் பார்க்கும் கருவிக்கு வேறொன்று. ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. காலையில் கிணற்றடியில் சட்டையைக் கழற்றினான். இரண்டு தோளிலும் வார் அழுத்திய கறுப்புத் தழும்பு. "ஒவ்வொண்ணும் நல்ல சாமான்தான் மாமா. எல்லாத்தையும் ஒரே ஆள் மேல மாட்டுறாங்களே, அதான்" என்றான்.

பணம் இல்லை என்று சொல்ல வரவில்லை. 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கினீர்கள். அதில் 1.80 லட்சம் கோடி மூலதனச் செலவுக்கு, ஏறக்குறைய 1.60 லட்சம் கோடி ஓய்வூதியத்துக்கு. (என் பென்ஷனும் அதில்தான் வருகிறது, மறைப்பானேன்?) 2022 ஆகஸ்டில் 'எஃப்-இன்சாஸ்' என்ற, காலாட்படைச் சிப்பாய்க்கான நவீனக் கருவித்தொகுப்பை ராணுவத்திடம் ஒப்படைத்தீர்கள். அமேதி கோர்வாவில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏ.கே.-203 துப்பாக்கிகள் செய்ய ஒப்பந்தமும் போட்டாயிற்று. மகிழ்ச்சிதான்.

ஆனால் 2020-ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையையும் படித்தேன். உயர்மலைப் படைகளுக்குப் பனிக்கண்ணாடி 62 முதல் 98 சதவீதம் வரை பற்றாக்குறை. 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை பூட்ஸ் வராமல் பழையதையே சரிசெய்து போட்டிருக்கிறார்கள். அதே 2020-ல், கல்வான் மோதலுக்குப் பிறகு, குளிர் உடைகளை அமெரிக்காவிடமிருந்து அவசரமாக வாங்க வேண்டிவந்தது. காலுக்குப் பூட்ஸ் சரியாக வந்த பிறகுதான் தலைக்குக் கேமரா என்பேன் நான்.

அமெரிக்காவும் சறுக்கியிருக்கிறது. 2021-ல் சுமார் 2,200 கோடி டாலர் வரை போகக்கூடிய ஒப்பந்தத்தில் கண்முன்னே தகவல்களைக் காட்டும் மைக்ரோசாஃப்ட் கண்ணாடிகளை ராணுவத்துக்கு எடுத்தார்கள். சோதனையில் போட்டுப் பார்த்த சிப்பாய்கள் தலைவலி, குமட்டல், கண் சோர்வு என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அது அறிக்கையிலும் ஏறியது. கண்ணாடியை மாற்றி வடிவமைக்க வேண்டியதாயிற்று.

நம் சிப்பாய் அப்படிச் சொல்வானா? எதிரே அதிகாரி, அவர் பின்னால் கம்பெனிக்காரர்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், தோள் கழன்று விழுந்தாலும் "டீக் ஹை, சாப்" (சரியாகத்தான் இருக்கிறது, ஐயா) என்பான். நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

எனவே கையெழுத்துப் போடும் முன், பத்துப் பேர் கொண்ட ஒரு செக்‌ஷனிடம் கருவியைக் கொடுத்து முழுக் குளிர்காலம் விடுங்கள். புதிதாக ஒரு கிலோ ஏற்றினால் பழையதில் எதை இறக்குகிறீர்கள் என்று கோப்பிலேயே எழுதுங்கள். எல்லாக் கருவிக்கும் ஒரே பேட்டரி என்று டெண்டரிலேயே கேளுங்கள். திருச்சியில் துப்பாக்கி செய்பவர்களும் ஆவடியில் உடை தைப்பவர்களும் பத்து நாளாவது அந்த மலையில் தங்கி வரட்டும்.

சிப்பாய் எழுதும் கருத்துப் படிவத்தில் பெயர், நம்பர் எதுவும் கேட்காதீர்கள். அவனவன் தாய்மொழியில் எழுதட்டும். யாரும் சுருக்காமல் அது அப்படியே உங்கள் மேஜைக்கு வரட்டும். 'டீக் ஹை' என்று டிக் அடிக்கிற கட்டம் மட்டும் அதில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்,
வேலூர் மாவட்டம்