முந்திரி ஓட்டு எண்ணெயைப் பச்சையாக ஊற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வடை, பஜ்ஜி சுட்ட எண்ணெயை பயோடீசலாக்குவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். நல்ல விஷயம்தான். ஆனால் 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலப்போம் என்கிறது மத்திய அரசின் 2018 கொள்கை. அதற்கு வடைச்சட்டி மட்டும் போதாது. எங்கள் பண்ருட்டிப் பக்கம் குவிந்து கிடக்கும் முந்திரி ஓட்டிலும் எண்ணெய் இருக்கிறது. காடாம்புலியூரில் முந்திரி உடைக்கும் சின்ன ஆலை வைத்திருப்பவன் என்பதால் எழுதுகிறேன்.

80 கிலோ மூட்டையை உடைத்தால் பருப்பு 20 கிலோவுக்குச் சற்று மேலே தேறும். மிச்சத்தில் பெரும்பகுதி ஓடு. அதை எக்ஸ்பெல்லரில் பிழிந்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் இறங்கும், கறுப்பாக, கொழகொழவென்று. கையில் பட்டால் தோல் வெந்து உரியும். உடைக்கிற பெண்கள் சாம்பலோ விளக்கெண்ணெயோ பூசிக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவார்கள். நம் மரங்கள் கோடையில்தான் காய்க்கும் என்றாலும், ஆப்பிரிக்கக் கொட்டை தூத்துக்குடி வழியாக வந்துகொண்டிருப்பதால் ஓட்டுக்குப் பஞ்சமே இல்லை.

பெயிண்டுக்கும் பிரேக் லைனிங்குக்கும் போய்க்கொண்டிருந்த இந்த எண்ணெயைக் கப்பல் எரிபொருளில் கலக்கவும் இப்போது வெளிநாட்டில் வாங்குகிறார்கள். ஐரோப்பியத் துறைமுகங்களுக்குப் போகும் பெரிய கப்பல்கள் 2025 ஜனவரி முதல் எரிபொருளின் கார்பன் அளவைக் குறைத்தாக வேண்டும் என்று அங்கே சட்டம். விலை குறைவு, செடியிலிருந்து வந்தது, அப்புறம் என்ன யோசனை என்று சிலர் அப்படியே கலந்துவிட்டார்கள். 2024-இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் துறைமுக வட்டாரத்தில் எரிபொருள் நிரப்பிய சில கப்பல்களில் வடிகட்டி அடைத்து, எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் கெட்டு, எரிபொருள் பரிசோதனைக் கூடங்கள் எச்சரிக்கை விடும்படி ஆயிற்று.

எங்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. டிரம்மை மூடாமல் விட்டால் வாய் ஓரத்தில் எண்ணெய் பிசின் மாதிரி இறுகிவிடும், கத்தி வைத்துத்தான் சுரண்ட வேண்டும். பெயிண்ட்காரர் இதற்குத்தான் காசு கொடுக்கிறார். எஞ்சினுக்கு அதுவே எமன்.

காரணமும் எளிது. பொரித்த எண்ணெய் என்பது கொழுப்பு. மெத்தனால் என்ற ஆல்கஹாலும் காஸ்டிக் சோடா போன்ற காரமும் சேர்த்தால் பயோடீசல் ஆகிவிடும். ஓட்டு எண்ணெயில் இருப்பது அனகார்டிக் அமிலம், சூடாக்கினால் அது கார்டனால் என்ற பொருளாக மாறும். இரண்டும் கொழுப்பே அல்ல, பீனால் என்ற வேறு வகை வேதிப்பொருள். மெத்தனால் வேலைக்கு ஆகாது. உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜன் செலுத்தி அதிலுள்ள ஆக்சிஜனை நீக்கினால்தான் டீசல் போன்ற எரிபொருளாக மாறும். அது எங்களைப் போன்ற ஆலைக்காரர்களால் ஆகிற காரியம் இல்லை.

ஆனால் சென்னை மணலியில் உள்ள பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலையில் ஹைட்ரஜனும் இருக்கிறது, அந்த அழுத்தத்தைத் தாங்கும் கலன்களும் இருக்கின்றன. பண்ருட்டியிலிருந்து ஒரு டேங்கர் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்ச் சேரும். முதலில் சிறிய அளவில் சோதனை நடத்தட்டும். சரிப்பட்டு வராது என்றால் அதையும் சொல்லிவிடட்டும், நாங்கள் பெயிண்ட் கம்பெனிக்கே விற்றுக்கொள்கிறோம். அதுவரை, பச்சை எண்ணெயை எரிபொருள் என்ற பெயரில் ஏற்றுமதி செய்ய அனுமதிக்கக் கூடாது. வாங்குகிறவன் எஞ்சின் கெட்டால் கெட்ட பெயர் பண்ருட்டிக்குத்தான். எண்ணெயைப் பரிசோதித்துச் சான்று தர ஒரு ஆய்வுக்கூடத்தையாவது மாவட்ட நிர்வாகம் இங்கே அமைத்துத் தர வேண்டும்.

இப்படிக்கு,
முந்திரி ஆலைக்காரர் ஒருவர்,
காடாம்புலியூர், பண்ருட்டி வட்டம்.