அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

அன்பு சுதாவுக்கு,

நீ அனுப்பிய வீட்டுப் படங்களை நானும் அப்பாவும் பார்த்தோம். திண்ணை, கிணறு, பின்னால் நாலு தென்னை, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. மணவூரில் எங்கள் பக்கமே குடி வந்து, தினமும் ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய் வரப் போகிறோம் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு மனசு கொள்ளாத சந்தோஷம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கீழே இருப்பதைப் படித்துவிட்டு, நாங்கள் வருவது அம்மாவுக்குப் பிடிக்கவில்லையோ என்று நினைத்துக்கொள்வாய். வாருங்கள் கண்ணு. ஆனால் அந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

கடம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிடம் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காரில் போனால் பத்து நிமிடம். காலையில் இருட்டோடு கிளம்பி, ஸ்கூட்டரை நிறுத்த இடம் பார்த்து, நடைமேம்பாலம் ஏறி இறங்கி பிளாட்பாரத்தில் நிற்பதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடும். அதோடு, அந்த வீடு இருக்கிற ஊருக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் கூவம் ஓடுகிறது. சென்னையில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோமே, அதே கூவம்தான், இங்கே அது மணலும் வயலும் உள்ள ஆறு, பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் பெருமழை பிடித்தால் தரைப்பாலத்துக்கு மேலே தண்ணீர் போகும், போலீஸ் தடுப்பு வைத்துவிடுவார்கள், நீ திருவள்ளூர் வழியாகச் சுற்றித்தான் போகவேண்டும். வடக்கே கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் வீடு பார்த்தாலும் இதே பாடுதான். அதனால் எந்த வீட்டைப் பார்த்தாலும் ஆற்றுக்கு எந்தக் கரை என்று முதலில் கேள். கிணறு, தென்னை எல்லாம் அப்புறம்.

நான் சொல்வது இதுதான். ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு பாருங்கள். திண்ணை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சின்ன வீடாக இருந்தாலும் பரவாயில்லை.

திருவள்ளூர் வரைக்கும் ஒரு கணக்கு, அதைத் தாண்டினால் வேறு கணக்கு என்பதும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சென்ட்ரலிலிருந்து கிளம்புகிற யூனிட் வண்டிகளில், அதாவது புறநகர் மின்சார ரயில்களில், பல ஆவடியோடும் பட்டாபிராமோடும் நின்றுவிடும், கொஞ்சம் திருவள்ளூரோடு முடியும், மிச்சம் இருப்பவைதான் ஏகாட்டூர், கடம்பத்தூர், செஞ்சி பானம்பாக்கம், மணவூர், திருவாலங்காடு என்று அரக்கோணம் வரை வரும். திருவள்ளூரில் ஒரு வண்டியை விட்டால் அடுத்ததைப் பார்க்கலாம். மணவூருக்கு அப்படி இல்லை, ராத்திரி ஒன்பதைத் தாண்டினால் இடைவெளி இன்னும் கூடிவிடும். கடம்பத்தூரிலிருந்து சென்ட்ரலுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், சென்ட்ரலுக்கு முந்தின ஸ்டேஷன் பேசின் பிரிட்ஜுக்கு வெளியே சிக்னலில் நிறுத்திப் போட்டால் அதற்கு மேல். அங்கிருந்து நீ கிண்டியில் உன் ஆபீசுக்குப் போகவேண்டும். மெட்ரோவில் நேராகப் போய்விடலாம், காசு கொஞ்சம் கூட. எதிரே பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து தாம்பரம் வண்டியைப் பிடித்தால் காசு மிச்சம், ஆனால் மறுபடியும் கூட்டத்தில் நிற்கவேண்டும். வீட்டு வாசலிலிருந்து உன் நாற்காலி வரைக்கும் எவ்வளவு நேரம் என்று கூட்டிப் பார், ரயிலில் உட்கார்ந்திருக்கிற நேரத்தை மட்டும் பார்க்காதே.

செலவைப் பற்றி நீ கவலைப்பட வேண்டியதில்லை. 2025 ஜூலையில் ரயில் கட்டணத்தை உயர்த்தியபோதுகூட புறநகர் வண்டிக்கும் சீசன் டிக்கெட்டுக்கும் கை வைக்கவில்லை. மூன்று மாதச் சீசன் எடுத்தால் ஒரு மாதக் கட்டணத்தைப் போல 2.7 மடங்குதான், அதையே எடுத்துவிடு. வாடகையில் மிச்சமாவதை எல்லாம் சேமிப்பு என்று எழுதி வைக்காதே. கொஞ்சம் ஸ்கூட்டருக்குப் போகும், கொஞ்சம் ராத்திரி வண்டி கிடைக்காத நாளில் டாக்ஸிக்குப் போகும். மிச்சத்துக்காக மட்டும் வருவதென்றால் ஆவடிப் பக்கமே ஒரு வீடு பார்த்துக்கொள்ளுங்கள், உடம்பாவது தப்பிக்கும்.

ரயில் ஒரு கஷ்டமே இல்லை சுதா. இத்தனை வருஷம் போய் வந்தவள் சொல்கிறேன். லேடீஸ் கம்பார்ட்மெண்டில் எனக்குக் கிடைத்த சிநேகிதிகள் மாதிரி வேறெங்கும் கிடைக்கவில்லை. எதிர் சீட்டில் ஒருத்தி பூ கட்டிக்கொண்டு வருவாள், இன்னொருத்தி கீரை ஆய்வாள், பெண்ணுக்கு வரன் பார்ப்பதும் சீட்டுக் கட்டுவதும் பி.எஃப். லோன் எப்படிப் போடுவது என்று சொல்லிக் கொடுப்பதும் எல்லாம் அதற்குள்தான் நடந்தது. உன் காதுகுத்துக்கு முதலில் வந்து நின்றதும் அவர்கள்தான். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோன இடத்தில் கட்டிய புறநகர் ஸ்டேஷன் இருக்கிறதே, அந்த பிளாட்பாரத்தில் சாயங்காலம் அவர்களில் ஒருத்தியைப் பார்த்துவிட்டால் ஆபீஸ் களைப்பெல்லாம் போய்விடும். நீயும் ஒரே வண்டியில், ஒரே பெட்டியில் போய்ப் பழகு. நீ வராத நாளில் உன்னைத் தேட நாலு பேர் வேண்டும்.

கஷ்டம் சாயங்காலம் வீட்டில்தான். நான் வந்து சேர்வதற்குள் நீ சாப்பிட்டு, வீட்டுப்பாடம் முடித்து, பல நாள் தூங்கியும் போயிருப்பாய். அது நடந்ததற்குக் காரணம் உன் அப்பாவுக்கு இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே வேலை, ஐந்து மணிக்கு வீட்டில் இருப்பார், கூட உன் ஆயா இருந்தார்கள். உனக்கு ஒருமுறை காய்ச்சலில் இழுப்பு வந்தபோது தூக்கிக்கொண்டு திருவள்ளூர் ஓடினது அப்பாதான், எனக்குத் தகவல் வந்து நான் சேர்வதற்குள் எல்லாம் முடிந்து நீ தூங்கிக்கொண்டிருந்தாய். எங்களில் ஒருவர் எப்போதும் ஊரில் இருந்தோம். நீங்கள் இரண்டு பேருமே பட்டணத்தில் இருக்கப் போகிறீர்கள். இதை இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினீர்களா?

மாப்பிள்ளைக்கு வேலை அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில். பட்டரவாக்கத்தில் இறங்கினாலே போதும், நீ போகிற அளவு தூரம் அவருக்கு இல்லை. அப்படியென்றால் பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற முதல் போன் நம்பர் அவருடையதாக இருக்கட்டும், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் கிளம்பி வருவது அவராக இருக்கட்டும். அம்மா என்பதற்காக நீ கிண்டியிலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவர வேண்டியதில்லை. அவர் நல்ல மனுஷர், சொன்னால் புரிந்துகொள்வார், ஆனால் சொல்ல வேண்டும். குடி வந்த பிறகு சொன்னால் அது சண்டையாகிவிடும்.

பேரனை நான் பார்த்துக்கொள்கிறேன். கேட்கத் தயங்குகிறாய் என்று தெரியும், தயங்காதே, அவன் ஓடி விளையாடுகிற வீட்டில் இருக்க எனக்கும் அப்பாவுக்கும் எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து ஏழரை மணி வரை எங்கள் பொறுப்பு. அதற்கு மேல் உங்களில் ஒருவர் வந்து கூட்டிப் போகவேண்டும், தினமும். அப்பாவுக்கு முட்டி வலி, எனக்கும் ராத்திரியில் அவன் பின்னால் ஓட முடிவதில்லை. இதற்காகவும்தான் சொல்கிறேன், மணவூரில் நம் தெருவை ஒட்டியே பாருங்கள். காலையில் நீங்கள் கிளம்பும்போது தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு வீடு நடந்து விட்டுவிட்டுப் போகலாம்.

இன்னும் இரண்டு விஷயம். ராத்திரி லேடீஸ் பெட்டி காலியாக இருந்தால் அதில் தனியாக ஏறாதே, பக்கத்தில் ஆட்கள் இருக்கிற பொதுப் பெட்டியில் ஏறு, ரயில்வே உதவி எண் 139ஐ போனில் பதிந்து வை. எவ்வளவு நேரமானாலும் தண்டவாளத்தைத் தாண்டாதே. வண்டி போனால் போகட்டும்.

வண்டியே ஓடாத நாளும் வரும். 2025 ஜூலையில் திருவள்ளூர் பக்கத்தில் டீசல் ஏற்றிப் போன சரக்கு ரயில் தீப்பிடித்து இந்தத் தடமே நின்றுபோனது, நல்லவேளை அன்று ஞாயிற்றுக்கிழமை. அந்த மாதிரி நாளில் திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டுதான் கதி. வீட்டிலிருந்து வேலை செய்ய வாரத்தில் ஒரு நாளாவது விடுவார்களா என்று உன் ஆபீசில் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கு, வாயால் சொல்வதை நம்பாதே.

சரி, இப்போது செய்ய வேண்டியது. அட்வான்ஸ் கொடுக்காமல், ஒரு வாரம் மூன்று பேரும் இங்கே வந்து தங்குங்கள். லீவு போடாதீர்கள், இங்கிருந்தே இரண்டு பேரும் வேலைக்குப் போய் வாருங்கள். புதன்கிழமை சாயங்காலம் நீ வந்து இறங்கும்போது எப்படி இருக்கிறாய் என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம். பால்கார அம்மாவின் பக்கத்து வீடு தை மாதம் காலியாகிறது, நான் பேசி வைத்திருக்கிறேன். தண்ணீர் நல்ல தண்ணீர், ஸ்டேஷன் கூப்பிடு தூரம். மாப்பிள்ளையையும் பார்க்கச் சொல்லிவிட்டு எந்த வாரம் வருகிறீர்கள் என்று எழுது.

அன்புடன்,
அம்மா