எங்களுக்குச் சர்க்கரை டீ கிளாஸில்தான் வருகிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன இதழில் இனிப்பு ஆசையை அடக்குவது பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். லட்டு, ஐஸ்கிரீம், கேக் எதையும் வீட்டில் வாங்கி வைக்காதீர்கள், மனக்கட்டுப்பாடு இருந்தால் போதும் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல விஷயம்தான். ஆனால் கோத்தகிரி பக்கம் இருக்கிற எங்களுக்கு அது பாதிகூடப் பொருந்தாது. நாங்கள் லட்டு சாப்பிடுவது தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும்தான். கடைகளில் அடுக்கியிருக்கிற ஊட்டி சாக்லேட்டை வாங்குவது பெரும்பாலும் சுற்றுலா வருகிறவர்கள். எங்கள் உடம்புக்குள் சர்க்கரை போவது டீ கிளாஸ் வழியாக, அதை யாரும் எழுதுவதில்லை.

எனக்கு வயது 51, ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது, நானும் வீட்டுக்காரரும்தான் இலை எடுக்கிறோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊரில் நடந்த மருத்துவ முகாமில் ரத்தம் கொடுத்தபோது, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டுகிற எச்பிஏ1சி 6.2 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்றார்கள். நம் நாட்டில் 13.6 கோடிப் பேர் அந்த நிலையில் இருக்கிறார்கள் என்று 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொன்னதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு ஒன்றுமே புரியவில்லை, நான்தான் இனிப்பே தொடுவதில்லையே என்று அங்கிருந்த நர்ஸிடம் கேட்டேன். அந்தப் பெண் திருப்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டது: “ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறீங்கக்கா?”

மூன்று நாலு இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் எண்ணிப் பார்த்தேன். விடிகாலை ஐந்தரைக்கு எழுந்ததும் ஒன்று. ஏழரைக்கு இரண்டு வர்க்கியோடு (எங்கள் பக்கத்து மொறுமொறு பிஸ்கட்) ஒன்று. பத்து மணிக்குத் தோட்டத்தில் ஃபிளாஸ்க்கிலிருந்து ஒன்று, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று, நாலு மணிக்கு இலை எடை போடுகிற இடத்தில் ஒன்று, சாயங்காலம் யார் வீட்டுக்குப் போனாலும் ஒன்று, ராத்திரி குளிருக்கு ஒன்று. ஏழு! எல்லாவற்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரு ஸ்பூன் 4 கிராம் என்று தட்டையாக வைத்தாலே 56 கிராம், நாங்கள் போடுவது குவியலாக. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிற ஆளுக்கு இந்த மாதிரிச் சேர்க்கிற சர்க்கரை 50 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும், 25க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இலேயே சொல்லியிருக்கிறது. இனிப்பே தொடாத நான் டீயிலேயே அதைத் தாண்டியிருந்தேன்.

சரி, ஆசை எங்கே இருந்து வருகிறது என்று பார்த்தால் அது மனசு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. காலையில் டீயும் வர்க்கியும்தான் பலகாரம். வர்க்கி மைதா, டீயில் சர்க்கரை, இரண்டும் ரத்தத்தில் சட்டென்று ஏறும், பருப்போ நாரோ எதுவும் இல்லாததால் வயிற்றில் நிற்காது. பதினோரு மணிக்குள் கை நடுங்குகிற மாதிரி ஒரு பசி வரும், அப்போது இன்னொரு டீ, இனிப்பாக வேண்டும் என்று நாக்கு கேட்கும். அது வெறும் பசி. இருபது வருஷமாக அதற்கு ஆசை என்று பேர் வைத்திருந்தேன்.

அதனால் முதலில் சர்க்கரையில் கை வைக்காமல் காலைச் சாப்பாட்டை மாற்றினேன். பக்கத்து ஹட்டியில் (படுகர் மக்களின் ஊர்) இருக்கிற படுகர் வீட்டு அக்கா ராகிக் களியும் அவரைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி வரைக்கும் இலை எடுப்பார்கள், பசி என்று சொல்லிக் கேட்டதே இல்லை. அதையே பிடித்துக்கொண்டேன். வேலை பார்த்தது ராகியை விட அவரைதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ராகியைத் தண்ணீராகக் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் அதுவும் சீக்கிரம் ஏறிவிடும். களி கொஞ்சம், குழம்பில் கொட்டை நிறைய, கூட ஒரு கீரை. பதினோரு மணிப் பசி பத்து நாளில் போய்விட்டது.

அப்புறம்தான் டீ. இதை நான் விவரமாகச் சொல்ல வேண்டும். டஸ்ட் டீத்தூளைப் போட்டு, பால் ஊற்றி, பத்து நிமிஷம் கொதிக்க விட்டால் துவர்ப்பு ஏறிவிடும், நாங்கள் போட்ட இரண்டு ஸ்பூனில் ஒன்று அந்தத் துவர்ப்பை மறைக்கத்தான். இப்போது தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, தூளைப் போட்டு, தட்டு வைத்து மூடி மூன்று நிமிஷம் விடுகிறேன். மூடியைத் திறக்கும்போது நல்ல செந்நிறமாக இறங்கியிருக்கும், வாசனையும் அப்படியே நிற்கும். வடிகட்டி, தனியாகக் காய்ச்சிய பாலை ஊற்றினால் ஒரு ஸ்பூனே தித்திக்கும். அதிலிருந்து இரண்டு வாரத்துக்குக் கால் ஸ்பூன் வீதம் குறைத்தேன், ஒவ்வொரு தடவையும் முதல் மூன்று நாள் சப்பென்று இருக்கும், அப்புறம் நாக்கு பழகிவிடும். ஒரேயடியாக நிறுத்தியிருந்தால் ஒரு வாரத்தில் பழையபடி ஆகியிருப்பேன். (சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டை மாற்ற வேண்டாம், சர்க்கரை ரொம்ப இறங்கி மயக்கம் வந்துவிடும்.)

நடுவில் வீட்டுக்காரர் வெல்லம் போட்டுக்கொள்ளச் சொன்னார், பக்கத்து வீட்டில் தேன் என்றார்கள். இரண்டும் சர்க்கரைதான். வெல்லத்தில் கொஞ்சம் தாது உப்பு இருக்கலாம், அதற்காக ஸ்பூன் கணக்கில் அள்ளிப் போட முடியாது.

வீட்டில் சமாளித்துவிட்டேன், வெளியில்தான் கஷ்டம். டீக்கடையில் கிளாஸில் சர்க்கரையை முதலிலேயே போட்டு வைத்திருப்பார்கள், நாம் வாயைத் திறப்பதற்குள் டீ ஊற்றியாகிவிடும். “வித்தவுட்” என்று சொன்னால் பெஞ்சில் இருக்கிற எல்லாரும் திரும்பிப் பார்த்து, “என்னக்கா, சுகர் வந்துருச்சா?” என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே வாங்கிக் குடித்த டீ எத்தனையோ. வியாதி வந்தவர்கள்தான் சர்க்கரை குறைக்க வேண்டும் என்பது எப்படியோ ஊருக்குள் ஊறிப்போய்விட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட அதே இரண்டு ஸ்பூன் டீயைக் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள். அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

எட்டு மாதம் கழித்துப் பார்த்ததில் எனக்கு 5.8. இன்னும் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறேன், ஆனாலும் இறங்கியிருக்கிறது. ஒரு நாளைக்கு நாலு டீ, கால் ஸ்பூன். குளிர் கடுமையாக இருக்கிற டிசம்பர், ஜனவரியில் மட்டும் ஐந்து.

உங்களிடம் கேட்பது இதுதான். இனிப்பு பற்றி அடுத்த தடவை எழுதும்போது டீயைப் பற்றியும், காலையில் வெறும் டீயோடு வேலைக்குப் போகிறவர்களைப் பற்றியும் எழுதுங்கள். டீக்கடைக்காரர்கள் சர்க்கரையைத் தனியாக வைத்தால் போதும் என்று எழுதுங்கள். எங்கள் பஸ் ஸ்டாப் கடை அண்ணனிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, போன மாதத்திலிருந்து ஊற்றுவதற்கு முன்னால் எல்லாரிடமும் “சர்க்கரை எவ்வளவு?” என்று கேட்கிறார். முதல் நாள் இலை எடை போட்டுவிட்டு ஐந்து பேர் போனோம், என்னைத் தவிர இரண்டு பேர் “அரை” என்றார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி, நீலகிரி