காட்டுல பொழச்ச லென்ஸ் பீரோல செத்துச்சு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல மழைக்காட்டுக்கு போட்டோ எடுக்க போறவங்க என்ன கேமரா, என்ன லென்ஸ் வாங்கணும்னு முழு பக்கம் போட்டிருந்தீங்க, படிச்சேன். எழுதுனவர் விஷயம் தெரிஞ்சவர்தான், குறை சொல்ல வரல, ஆனா மெகாபிக்சல் எவ்ளோ, வினாடிக்கு எத்தன படம், எந்த மாடல் புதுசுன்னு அவ்ளோ எழுதினவர் ஈரம்னு ஒரு வார்த்தை எழுதல சார். மழைக்காட்டப் பத்தி எழுதிட்டு ஈரத்த விட்டுடறது, மீன் குழம்பு பக்குவம் சொல்லிட்டு புளிய விட்ட மாதிரி இருக்கு.

என் கதைய சொல்லிடறேன், அப்ப புரியும். வேளச்சேரில இருக்கேன், இன்சூரன்ஸ் ஆபீஸ்ல 31 வருஷம் சர்வீஸ். 2018ல சீட்டு எடுத்து ஒரு 100-400 ஜூம் லென்ஸ் (மில்லிமீட்டர் கணக்கு, நம்பர் ஏற ஏற தூரத்துல இருக்கறது கிட்ட தெரியும்) வாங்கினேன், வீட்ல ஒரு வாரம் சரியா பேச்சுவார்த்தை இல்ல. அத எடுத்துட்டு ரெண்டு தடவ வால்பாறை போனேன், அதுல ஒரு தடவ ஜூலை மாசம், மழைன்னா மழை, புதுத்தோட்டம் பக்கம் ரோட்டோரம் சிங்கவால் குரங்கு கூட்டத்த குடைக்குள்ள நின்னு எடுத்தேன், சாக்ஸ் போட்டும் அட்டைப்பூச்சி இடுப்பு வரைக்கும் ஏறிச்சு, லென்ஸ் மேல தண்ணி வழிஞ்சுது, ஒண்ணும் ஆகல. அப்புறம் 2020 லாக்டவுன். எங்கயும் போக முடியாதுல்ல, கேமரா பைய அப்படியே மூடி பீரோல துணிக்கு நடுவுல வெச்சுட்டேன், பாச்சை உருண்டை வேற ரெண்டு போட்டு வெச்சேன், பூச்சி வராம இருக்கணும்னு. ஏழு மாசம் கழிச்சு எடுத்து ஜன்னல் பக்கம் காட்டி பாத்தா, கண்ணாடிக்கு உள்ள, வெளிய இல்ல, உள்ள, சிலந்தி வலைய இழை இழையா பிச்சு போட்ட மாதிரி வெள்ளையா படர்ந்திருக்கு.

பாரிமுனைல ஒரு மெக்கானிக்கிட்ட கொண்டு போனேன். அவர் பின்பக்க மூடிய கழட்டி டார்ச் அடிச்சு, இப்படியும் அப்படியும் திருப்பி, "சார் இது பூஞ்சை, காட்டுல புடிச்சதில்ல, வீட்ல புடிச்சது"ன்னாரு. எப்படி சொல்றீங்கன்னேன். காட்டுக்கு போற லென்ஸ் வெயில் பாக்கும், காத்து பாக்கும், பைக்குள்ள கெடக்குற லென்ஸ்தான் சார் பூக்கும்னாரு. பையோட ஸ்பாஞ்சு ஈரத்த குடிச்சு வெச்சுக்குமாம், துணி, தோல், தூசி இதெல்லாம் பூஞ்சைக்கு சாப்பாடாம். கழட்டி தொடைச்சு கொடுத்தாரு, ஆனா பூஞ்சை விடுற ஆசிட் கண்ணாடி மேல இருக்குற கோட்டிங்க ஏற்கனவே அரிச்சிடுச்சு, அந்த கறை இன்னும் இருக்கு, வெயிலுக்கு எதிரா எடுத்தா படம் பால் ஊத்தின மாதிரி வருது.

இதுல என் ஆபீஸ் சமாச்சாரம் ஒண்ணு. கேமராவுக்கு ஆல் ரிஸ்க் பாலிசி நானே எடுத்திருந்தேன், அந்த மாதிரி பாலிசிய நானே எத்தனையோ பேருக்கு போட்டும் குடுத்திருக்கேன். திருட்டுக்கு உண்டு, கீழ விழுந்தா உண்டு, பூஞ்சைக்கு கெடயாது, கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப்போறது எதுக்கும் கெடயாது. பாலிசிய பின்பக்கம் திருப்பி படிக்கணும்னு கஸ்டமருக்கெல்லாம் சொல்றவன் நான், என்னோடத படிக்கல.

அதனால யாராவது எங்கிட்ட வந்து காட்டுக்கு போறேன் என்ன வாங்கலாம்னு கேட்டா, மொதல்ல டிரை கேபினெட் (கரண்ட்ல ஓடி உள்ள ஈரத்த கொறச்சு வைக்கற பெட்டி), அப்புறம்தான் லென்ஸுன்னு சொல்றேன். சிரிக்கறாங்க. நம்ம ஊரு காத்துல ஈரப்பதம் வருஷத்துல பாதி நாள் 70 சதவீதத்துக்கு மேல, ஐப்பசி கார்த்திகைல கேக்கவே வேணாம், பூஞ்சைக்கு 60 தாண்டினாலே கொண்டாட்டம். சின்ன கேபினெட் ஒண்ணு பத்தாயிரம் ரூபாய்க்குள்ள கெடைக்குது, 45ல வெச்சா போதும், 30க்கு கீழ எறக்கினா ரப்பரும் உள்ள இருக்குற கிரீஸும் காய்ஞ்சுடும். காசு இல்லன்னா மளிகை சாமான் போடுற காத்து புகாத பெரிய டப்பா ஒண்ணு, அதுக்குள்ள சிலிக்கா ஜெல், சில நூறு ரூபாய்க்கு ஒரு ஈரப்பதம் காட்டுற மீட்டர், அவ்ளோதான். ஆரஞ்சு கலர் ஜெல்லா பாத்து வாங்குங்க, ஈரம் ஏறினா பச்சையாகும், நீலக்கலர்ல கோபால்ட் குளோரைடு இருக்கு, அது விஷம், அதயும் சமையல்கட்டுல வறுக்கறாங்க சில பேரு. நான் ஆரஞ்சதான் பழைய இரும்பு சட்டில சிம்முல வெச்சு வறுத்து திரும்ப யூஸ் பண்றேன், அந்த சட்டில வேற எதுவும் செய்யறதில்ல. அரிசிக்குள்ள கேமராவ பொதச்சு வைக்காதீங்க, ஈரம் பெருசா இழுக்காது, மாவுத்தூள் எல்லா சந்துலயும் பூந்துடும். பாச்சை உருண்டை கூடவே கூடாதுன்னு கேமராவோட வர்ற புத்தகத்துலயே போட்டிருக்கான், நான் அதயும் படிக்கல.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ எங்க தெருவுல மூணு நாள் கரண்ட் இல்ல. கேபினெட்டுக்குள்ள வறுத்த ஜெல் ரெண்டு பொட்டலம் போட்டு கதவு சந்துல டேப் ஒட்டிட்டேன், தொறக்கவே இல்ல, மீட்டர் 58 தாண்டல. கீழ பைக் முழுகிடுச்சு, அது வேற கதை.

இப்ப காட்டு விஷயத்துக்கு வரேன். 2024ல, மலேசியாவுக்கு விசா வேணாம்னு ஆனதுக்கப்புறம், மச்சான் கோலாலம்பூர்ல இருக்கான்ங்கற தைரியத்துல போர்னியோ போனேன், சபா மாநிலத்துல கினபடாங்கன் ஆறு, 560 கிலோமீட்டர், சண்டகான்ல எறங்கி அங்கேந்து வேன்ல சுக்காவ்னு ஒரு ஆத்தங்கரை கிராமம். மொத நாள் காலைல 6 மணிக்கு போட். ராத்திரி பூரா ஏசி ரூம்ல மேசை மேல கேமராவ வெச்சிருந்தேன், அப்படியே எடுத்துட்டு வந்து போட்ல ஒக்காந்தேன். பத்து நிமிஷத்துல போட்காரப் பையன் கைய காட்டறான், ஆத்தோரம் மொட்டை மரத்துல காண்டாமிருக இருவாச்சி, ஜோடி, மூக்கு மேல அந்த ஆரஞ்சு கொம்பு மேல சூரிய வெளிச்சம் பட்டு தணல் மாதிரி இருக்கு, மலேசியாவோட தேசியப் பறவை சார் அது. கேமராவ கண்ணுல வெச்சா ஒரே வெள்ளை. கண்ணாடி பூரா வேர்த்து போயிருக்கு. சட்டைய விட்டு தொடைக்கறேன், தொடைக்க தொடைக்க திரும்ப மூடுது, வெளிய தொடைச்சா உள்ள இருக்கு, ஐஸ் மோர் டம்ளர் மாதிரி. அது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மூக்க உரசிட்டு பதினஞ்சு நிமிஷம் ஒக்காந்திருந்து பறந்து போச்சு, எறக்கை சத்தம் ரயில் கெளம்பற மாதிரி கேட்டுச்சு. எங்கிட்ட ஒரு படம் இல்ல.

குளிர்ந்த கண்ணாடி மேல ஈரக்காத்து பட்டா தண்ணியாத்தான் நிக்கும், எட்டாங்கிளாஸ் பாடம், அந்த நேரத்துக்கு ஞாபகம் வரணுமே. மறுநாள்லேந்து கேமராவ ஜிப் கவர்ல போட்டு காத்த அமுக்கி மூடி, ஏசி போகாத வராந்தாவுல வெச்சேன், பூட்டு போட்ட பெட்டிக்குள்ளதான், அந்த ஊரு கொரங்கும் நம்மூரு கொரங்கு மாதிரியேதான். ஏசி ரூம்லேந்துதான் எடுக்கணும்னா கவர பிரிக்காம முக்கா மணி நேரம் வெளிய வெச்சு, சூடு ஏறினப்புறம் பிரிங்க, தண்ணியெல்லாம் கவர் மேல நிக்கும், கேமரா தப்பிச்சுடும். நம்ம ஊர்ல ஏசி கார்லேந்து பள்ளிக்கரணையில எறங்கி எடுக்கறவங்களுக்கும் இதேதான். ஜிப் கவர மட்டும் தூக்கி போடாதீங்க, என்னோடது ரெண்டு வருஷமா அதே நாலுதான்.

லென்ஸ் விஷயத்துலயும் உங்க கட்டுரையோட எனக்கு ஒத்துப் போகல. 200-600 ஜூம்தான் எல்லாத்துக்கும் நல்லதுன்னு எழுதியிருந்தாரு, வேடந்தாங்கலுக்கு நல்லது, பழவேற்காட்டுக்கு நல்லது. அதோட எடை ரெண்டு கிலோவுக்கு மேல, அடர்ந்த காட்டுக்குள்ள மத்தியானமே சாயங்காலம் மாதிரி இருக்கும், அந்த இருட்டுல எஃப் 6.3 லென்ஸ (எஃப் நம்பர் ஏற ஏற உள்ள போற வெளிச்சம் கம்மி) வெச்சா, ஐஎஸ்ஓங்கற ஒளி உணர்திறன 6400க்கு ஏத்தியும் குரங்கு வால் ஆடினா கலங்குது. போட்ல டிரைபாட் வெச்சு பிரயோஜனம் இல்ல, போட்டே ஆடுது. விலை கம்மியா வெயிட் கம்மியா எஃப் 11ல 800 லென்ஸ் ஒண்ணு இருக்கு, கடற்கரைக்கு எடுத்துட்டு போங்க, மரத்துக்கு கீழ வேணாம். காட்டுக்குள்ள பெரும்பாலும் விலங்கு தூரத்துல இருக்கறதில்ல, மறைவுல இருக்கு, அதுக்கு 600 எதுக்கு. நான் இப்ப கொண்டு போறது அந்த கறை புடிச்ச 100-400, பூச்சி மாதிரி சின்னத கிட்ட போயி எடுக்கற ஒரு 100 மேக்ரோ, ரெண்டு கேமரா பாடி, அதுல ஒண்ணு செகண்ட் ஹேண்டு பழசு. ஒரு பாடி நாலு லென்ஸ விட ரெண்டு பாடி ரெண்டு லென்ஸ் எவ்ளவோ மேல், மழை சாரல்ல லென்ஸ கழட்டி மாட்டற வேலையே இல்ல, ஒண்ணு மக்கர் பண்ணா இன்னொண்ணு இருக்கு. பக்கத்துல சர்வீஸ் சென்டர் இல்லாத ஊருக்கு போறோம், நம்ம எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு ரிச்சி ஸ்ட்ரீட்டு கூட வராது.

பழைய கேமரான்னதும் ஞாபகம் வருது, காட்டு விலங்குகள போட்டோ எடுத்து எழுதின நம்ம மயிலாப்பூர் மா.கிருஷ்ணன், நாவலாசிரியர் அ.மாதவையாவோட பையன், 1970ல பத்மஸ்ரீ வாங்கினவரு, வெவ்வேற கேமராவோட பாகங்கள சேத்து தானே ஒண்ண கட்டி அதுக்கு சூப்பர் பாண்டரோசான்னு பேரு வெச்சு, கறுப்பு வெள்ளைலயே யானை படமா எடுத்து தள்ளினாரு. அத பாத்துட்டு என் கறை லென்ஸ பாத்தா மனசு ஆறுது.

பேட்டரி. காட்டுக்குள்ள தங்கற எடத்துல கரண்ட் எப்ப வரும்னு மொதல்லயே கேட்டுடுங்க, வேற ஒரு தடவ நாங்க தங்கின எடத்துல ஜெனரேட்டர் சாயங்காலம் 6லேந்து 10 வரைக்கும்தான், ஒரு ரூமுக்கு ஒரு பிளக்கு, செல்போனுக்கும் கேமராவுக்கும் சண்டை. மரத்துக்கு கீழ சோலார் சார்ஜர் வேலை செய்யாது, அத சுமந்துட்டு வந்தவர் ஒருத்தர பாத்தேன், பாவம். பவர் பேங்க் எடுத்துட்டு போங்க, ஆனா பிளைட்டுல 100 வாட் அவர் (பேட்டரி எவ்ளோ கரண்ட் புடிக்கும்ங்கற கணக்கு) வரைக்கும்தான் கேக்காம விடுவாங்க, 20000 எம்ஏஎச்னா 74 வாட் அவர் வரும், பிரச்சனை இல்ல. பவர் பேங்கும் எக்ஸ்ட்ரா பேட்டரியும் கையோட எடுத்துட்டு போற பைலதான் இருக்கணும், செக்-இன் பெட்டில போட்டா தொறந்து எடுக்க சொல்லுவாங்க. கைப்பைக்கு 7 கிலோதான்கறதால நான் மேக்ரோ லென்ஸ ஜாக்கெட் பாக்கெட்டுல போட்டுக்கறேன், மீனம்பாக்கத்துல மே மாசம் ஜாக்கெட்டோட நிக்கற ஒரே ஆளு நான்தான், எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க.

இன்னொண்ணு யாரும் சொல்றதில்ல. கொசு விரட்டி கிரீம்ல டீட்னு ஒரு கெமிக்கல் இருக்கும், அது பிளாஸ்டிக்க கரைக்கும். வால்பாறைல கைல பூசிட்டு அப்படியே கேமராவ புடிச்சேன், மறுநாள் பாத்தா கிரிப் ரப்பர்ல என் கட்டைவிரல் ரேகை அச்சு அசலா பதிஞ்சு பிசுபிசுன்னு இருக்கு, இன்னிக்கும் இருக்கு. டீட்டுக்கு பதிலா பிக்காரிடின்னு போட்டதா பாத்து வாங்குங்க, இல்லன்னா முழுக்கை சட்டைக்கு மேல மட்டும் அடிச்சுட்டு கைய கழுவுங்க. அட்டைக்கு மூக்குப்பொடி போதும்.

மெமரி கார்டுல இருக்கற படத்த வீடு வந்து சேர்ற வரைக்கும் அழிக்காதீங்க, தெனமும் ராத்திரி ஒரு காப்பி எடுங்க, இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவ கேமரா பக்கம் போடும்போது ரிப்பேர் பண்றவங்க நாலு பேர்கிட்ட பேசி போடுங்க சார். பாரிமுனையிலயும் மவுண்ட் ரோட்டுலயும் முப்பது நாப்பது வருஷமா லென்ஸ பிரிச்சு மாட்டறவங்க இருக்காங்க, எந்த லென்ஸு எதனால சாவுதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும், விக்கறவனுக்கு தெரியாது, தெரிஞ்சாலும் சொல்ல மாட்டான்.

அப்புறம் அந்த கட்டுரைல மேல பெருசா போட்ட படத்துக்கு கீழ கொக்குன்னு போட்டிருந்தீங்க. அது கொக்கு இல்ல, நத்தைகுத்தி நாரை. அலகு மூடியிருக்கும்போதே நடுவுல இடுக்கு தெரியுது பாருங்க.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன்,
வேளச்சேரி, சென்னை.