மரமலைக் கிராம்பு, மடகாஸ்கர் கிராம்பு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. கேக்குக்கும் கல்யாண வீட்டு நெய்ச்சோற்றுக்கும் கிராம்பு வாங்க வருகிறவர்கள் கோட்டாறு கடையில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "நம்முடைய மலையில் விளைகிற கிராம்புக்கு இவ்வளவு விலையா? கப்பலில் வருவது எப்படி அதைவிட மலிவாக இருக்கிறது?" நியாயமான கேள்விதான். ஆனால் பண்டிகை நெரிசலில் தராசைப் பிடித்துக்கொண்டு சொல்லி முடிக்கிற பதில் அதற்குக் கிடையாது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறோம். இந்தப் பருவத்திலிருந்து எங்கள் கடையில் கிராம்பு எந்த ஊர்ச் சரக்கு என்பதை டப்பாவிலும் பொட்டலத்திலும் எழுதியே விற்போம். நம் மாவட்டத்து மலையான மரமலையின் சரக்கு ஒரு டப்பா, மடகாஸ்கர் ஒரு டப்பா, கிடைக்கும்போது இலங்கைச் சரக்கு தனியாக. ஒன்றோடொன்று கலக்க மாட்டோம். விலையும் தனித்தனியாகவே இருக்கும்.

கிராம்பு மரம் கண்ட இடத்தில் வளராது. வெயிலும் வேண்டும், ஈரமும் வேண்டும். வேரில் தண்ணீர் தேங்கவும் கூடாது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆனால் இந்தச் சிறிய மாவட்டத்துக்குள்ளேயே எல்லா இடமும் ஒன்றுபோல இல்லை. ஆரல்வாய்மொழிப் பக்கம் கணவாய்க் காற்று வீசி மண் காய்ந்து கிடக்கும். அங்கே காற்றாலைகளுக்குத்தான் வாழ்வு. கீரிப்பாறை தாண்டி மரமலை ஏறினால் மரத்தடியில் ஈரம் காய்வதே இல்லை. கிராம்பு பிடித்துக்கொண்ட இடம் அந்தச் சரிவுகள்தான். இந்தியாவில் விளையும் கிராம்பில் பெரும்பகுதி நம் மாவட்டத்து மலைகளில் விளைவது என்று சொன்னால் உள்ளூர்க்காரர்களே நம்ப மறுக்கிறார்கள். 'கன்னியாகுமரி கிராம்பு' என்ற பெயரில் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

விலையில் பாதிக் கதை பறிப்பிலேயே இருக்கிறது. நாம் டப்பாவில் பார்ப்பது விரியாத பூமொட்டு. கொத்தில் மொட்டு பச்சையாக இருந்து இளஞ்சிவப்பு ஏறும் சில நாட்களுக்குள் பறித்தாக வேண்டும். இதழ் விரிந்துவிட்டால் சரக்குக்கு மதிப்பில்லை. ஒரே மரத்தில் எல்லாக் கொத்தும் ஒரே நாளில் பக்குவத்துக்கு வருவதும் இல்லை. உயரமான மரத்தில் ஏணி சார்த்தி ஏறி, கிளையை ஒடிக்காமல் கொத்தை மட்டும் கிள்ளி எடுக்க வேண்டும். ஒடித்தால் அடுத்த ஆண்டு அந்தக் கிளையில் பூ இல்லை. கீழே பெண்கள் கொத்தை உள்ளங்கையில் வைத்துத் திருகி மொட்டு வேறு, காம்பு வேறாகப் பிரிப்பார்கள். பிறகு பாயில் பரப்பி நாலைந்து நாள் வெயில். ஏறக்குறைய 3 கிலோ பச்சை மொட்டு காய்ந்தால் 1 கிலோ கிராம்பு. நடுவில் மழை பெய்து காய்ச்சல் கெட்டால் மொட்டு வெளுத்துச் சுருங்கிப் போகும். அந்தச் சரக்கைத் தரமான விலைக்கு யாரும் எடுக்க மாட்டார்கள். இவ்வளவுக்கும் மரம் நட்ட 7, 8 ஆண்டுகளுக்குப் பிறகுதான் முதல் பூவே வரும். நன்றாகக் காய்த்த மரம் அடுத்த ஆண்டு இளைப்பாறும். மரமேறத் தெரிந்த ஆட்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். இந்த வேலைக்குரிய கூலியைக் குறைத்துப் பேசி விலையை இறக்க எங்களுக்கு மனம் இல்லை.

மீதிக் கதை கடலுக்கு அப்பால் இருக்கிறது.

கிராம்பின் தாய்நாடு இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். தெர்னாத்தே, தித்தோரே என்று எரிமலையும் மழையும் சேர்ந்த சின்னஞ்சிறு தீவுகள். நம்முடைய பழைய துறைமுகங்களுக்கு இலவங்கம் என்ற பெயரில் வந்த கிராம்பு எல்லாம் அங்கிருந்து கை மாறிக் கை மாறி வந்ததுதான். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்கம்பெனி அந்தத் தீவுகளுக்குள் நுழைந்தது. உலகத்துக்கே தான் ஒருவன்தான் கிராம்பு விற்க வேண்டும் என்பது அதன் கணக்கு. 1652இல் தெர்னாத்தே சுல்தானோடு ஒப்பந்தம் போட்டு, அம்போன் தீவையும் அதன் பக்கத்தையும் தவிர மற்ற இடங்களில் கிராம்பு மரங்களை வெட்டிச் சாய்த்தது. பிள்ளை பிறந்தால் ஒரு கிராம்பு மரம் நட்டு வளர்க்கும் வழக்கம் உள்ள மக்களிடம் போய் அந்த மரங்களை வெட்டினார்கள். படிக்கும்போதே நெஞ்சு பொறுக்கவில்லை.

அதே கம்பெனிதான் மிளகுக்காக நம் கரைக்கும் வந்தது. 1741 ஆகஸ்ட் 10ஆம் தேதி குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றது. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றவர்கள் டச்சுக்கம்பெனிப் படையைச் சேர்ந்த டிலனாயின் கல்லறையைப் பார்த்திருப்பீர்கள். குளச்சலில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதி ஆனவர் அவர். மலுக்குத் தீவுக்காரர்களுக்கு நேர்ந்தது நம் மிளகுக் கொடிக்கு நேராமல் போனதற்குக் குளச்சல் போரும் ஒரு காரணம் என்பது எங்கள் எண்ணம். குளச்சலில் உள்ள வெற்றித்தூணைக் கடந்து போகும்போது இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கிராம்பு மீதான பூட்டை உடைத்தவர் பியர் புவாவர் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் அனுப்பிய ஆட்கள் 1770இல் கிராம்புக் கன்றுகளை ரகசியமாக மொரீஷியஸுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அங்கிருந்து ரீயூனியன், மடகாஸ்கர், சான்சிபார் என்று ஆப்பிரிக்கப் பக்கத்துத் தீவுகளுக்கு மரம் பரவியது. 1800 வாக்கில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் போட்ட நறுமணப்பயிர்த் தோட்டத்தில் கிராம்பு நட்டது. அங்கே பலன் தெரிந்த பிறகு, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அது தென்திருவிதாங்கூர் மலைகளுக்கு வந்தது. 1956 நவம்பர் 1 அன்று நாம் தமிழகத்தோடு இணைந்தபோது, அந்த மலைகளும் மரங்களும் நம்மோடு வந்தன.

சான்சிபாரின் கதை துயரமானது. ஓமான் சுல்தான்களின் காலத்தில் அங்கே கிராம்புத் தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். 1872இல் அடித்த புயலில் முதன்மைத் தீவின் தோட்டங்கள் அழிந்து, பக்கத்திலுள்ள பெம்பா தீவு கிராம்புக்குப் பெயர் பெற்றது. அந்த வியாபாரத்தில் குஜராத்தி வணிகர்கள் பெரும் பங்கு வகித்தார்கள். அவர்களை ஒதுக்கும்படி அங்கிருந்த ஆங்கிலேய நிர்வாகம் சட்டம் போட்டபோது, இந்தியாவில் காங்கிரஸ் 1937இல் சான்சிபார் கிராம்பைப் புறக்கணிக்கச் சொன்னது. இந்தியச் சந்தை மூடிக்கொண்டதும் அங்கே வியாபாரம் தடுமாறியது. அடுத்த ஆண்டே சமரசத்துக்கு வந்தார்கள். வாங்குகிறவர்களுக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எங்களுக்குத் தெரியாது.

இன்று உலகிலேயே அதிகமாகக் கிராம்பு விளைவது இந்தோனேசியாவில்தான். ஆனால் அதில் பெரும்பகுதி வெளியே வருவதில்லை. கிரெடெக் என்ற கிராம்பு கலந்த சிகரெட் அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு பழக்கம். விளைச்சலை அதுவே விழுங்கிவிடுகிறது. எனவே ஏற்றுமதிச் சந்தையில் கை ஓங்கியிருப்பது மடகாஸ்கருக்கு. அதன் கிழக்குக் கரையில் புயல் அடித்தால் கோட்டாறில் விலை ஏறும். இந்தோனேசியாவில் பூ குறைந்து அவர்களே வெளியில் வாங்கத் தொடங்கினாலும் ஏறும். டாலர் ஏறினாலும் அப்படித்தான். இலங்கைச் சரக்குக்கு இரு நாட்டு வர்த்தக ஒப்பந்தப்படி சுங்கச் சலுகை இருப்பதால் அது மரமலை விலையைக் கீழே இழுக்கும். நம் நாட்டு விளைச்சல் ஆண்டுக்கு 1,000 டன்னைச் சுற்றித்தான் நிற்கிறது. தேவை அதைப்போலப் பல மடங்கு. ஆகவே மரமலை விவசாயி தன் சரக்குக்குத் தானே விலை சொல்ல முடியாத நிலை. கப்பல் சரக்கு மலிவாக இறங்கும் ஆண்டுகளில், பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாது என்று அவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

ஊர்ப் பெயர் எழுதி விற்பது இதனால்தான். இரண்டையும் கலந்து 'நாட்டுக் கிராம்பு' என்று விற்றால், லாபம் கலந்தவனுக்குப் போகும், மலையேறியவனுக்குப் போகாது.

மடகாஸ்கர் சரக்கு மட்டம் என்று நாங்கள் சொல்லவில்லை. அங்கே பறிப்பவரும் மலைச்சரிவில் சிறு தோட்டம் வைத்திருக்கும் ஏழை விவசாயிதான். பிரியாணி, நெய்ச்சோறு, குருமா என்று நெடுநேரம் வேகும் சமையலுக்கு அது நன்றாகவே போதும். பணத்தை அங்கே மிச்சம் பிடியுங்கள். கேக்குக்குப் பொடிப்பதற்கும், சுக்குக் காப்பிக்கும், வெற்றிலையோடு மடிப்பதற்கும், பல்வலிக்கும் மரமலைக் கிராம்பை எடுங்கள். எண்ணெய்ச் சத்து கூடுதல் என்பதால் அளவு குறைவாகவே பிடிக்கும்.

எந்தக் கடையில் வாங்கினாலும் பார்த்து வாங்குங்கள். நகத்தால் காம்பை அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். தண்ணீரில் போட்டால் நல்ல கிராம்பு மூழ்கும் அல்லது தலை மேலே இருக்க நிமிர்ந்து நிற்கும். எண்ணெய் எடுத்த சக்கை படுத்துக்கொண்டு மிதக்கும். வீட்டில் கண்ணாடிப் பாத்திரத்தில், அடுப்புச் சூடு படாத அலமாரியில் வையுங்கள். மொத்தமாகப் பொடித்து வைக்க வேண்டாம், வாசனை போய்விடும்.

இப்போது கையில் இருப்பது சென்ற பருவத்து மரமலைச் சரக்கின் கடைசி மூட்டைகள். எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதால், கிறிஸ்துமஸ் வரை வீட்டுக்கு 100 கிராம் மட்டும் தருகிறோம். கேக் கடைக்காரர்களும் கல்யாணச் சமையல்காரர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு மடகாஸ்கர் சரக்கு வேண்டிய அளவு இருக்கிறது. தை, மாசியில் புதுப் பறிப்பு இறங்கும். வேண்டிய அளவையும் பெயரையும் கல்லாவில் எழுதிக் கொடுத்தால் வரிசைப்படி எடுத்து வைப்போம். முன்பணம் தேவையில்லை. நாங்கள் விற்கும் விலையையும் விவசாயியிடம் வாங்கிய விலையையும், வாங்கிய அன்றே பலகையில் எழுதிப் போடுவோம்.

அன்புடன்,
மளிகை, நறுமணப் பொருள் கடையார்
கோட்டாறு, நாகர்கோவில்